பத்து மீட்டருக்குள் ஒரு பாட்டு

பாட்டு நின்றால் சுகந்தாமணியின் கால் நின்றுவிடும்.

நடுக்குவாதம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கை நடுக்கம் மாத்திரையில் அடங்கிவிட்டது. கால்தான் அடங்கவில்லை. நன்றாக நடந்துகொண்டே இருப்பாள். திடீரென்று இரண்டு பாதங்களும் பசை போட்ட மாதிரி தரையில் ஒட்டிக்கொள்ளும். வாசற்படி, குறுகலான சந்து, எதிரே வரும் ஆள், எது வேண்டுமானாலும் காரணமாகலாம். எடுத்து வை என்று மனசு சொல்லும். கால் கேட்காது.

"உத்தரவு மேலேருந்து கிளம்புது, நடுவழியில தொலைஞ்சு போகுது," என்று டாக்டர் நஸீமா விளக்கியிருந்தார். "ஆனா காது வழியா இன்னொரு பாதை இருக்கு. தாளம் கேட்டா கால் எடுத்து வைக்கும். நிமிஷத்துக்கு எண்பத்து நாலு அடி. உங்களுக்கு அதுதான் சரியா வருது."

"அப்ப ஒரு கடியாரத்தக் காதுல மாட்டிக்கட்டுங்களா?"

"டிக் டிக்னு ஒரே சத்தம் கேட்டா மூளை பத்து நிமிஷத்துல பழகிடும்மா. அப்புறம் மதிக்காது. பாட்டு மாறிக்கிட்டே இருக்கணும். தாளம் மட்டும் மாறக்கூடாது."

அதற்குத்தான் ராகஓடை இருந்தது. அந்தக் காலத்தில் பாட்டை யாரும் சேமித்து வைப்பதில்லை. கேட்பவர் எப்படி நடக்கிறார் என்பதைச் செல்போன் சொல்லும். அந்த நடைக்கு ஏற்ற பாட்டை ராகஓடை அந்த நொடியே செய்து அனுப்பும். ஓடினால் ஓட்டத்துக்கு, உலாவினால் உலாவலுக்கு. இன்று வந்த பாட்டு நாளை வராது. ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு வராது. பிடித்து வைக்க வழியே கிடையாது. மணி என்று எல்லாரும் கூப்பிடும் சுகந்தாமணிக்கு மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்து, காலடியைக் கவனிக்காமல் எண்பத்து நான்கிலேயே பாட்டு வரும்படி பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்தப் பாட்டை நம்பி இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தாள். அப்புறம் கடலில் கேபிள் அறுந்தது.

வங்கக் கடலின் அடியில் உலோகம் தோண்டப் போன ஏதோ ஒரு கப்பல், போகிற போக்கில் நான்கு கேபிள்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சரிசெய்ய இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். டேட்டாவுக்கு ரேஷன் வந்தது. தலைக்கு ஒரு நாளைக்கு நூறு எம்.பி. பிறகு அறுபது. ஆடி மாதத்திலிருந்து முப்பது. ஒருவர் பங்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் கள்ளச் சந்தை கிளம்பிவிடும் என்று அதற்கும் தடை.

நோயாளிகளுக்குக் கூடுதல் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டு மணி பங்கீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"எங்க, நடந்து காட்டுங்க," என்றார் அதிகாரி.

இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரிலிருந்து சுவருக்கு அழகாக நடந்து காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. 'விண்ணப்பதாரர் உதவியின்றி நடக்கிறார்' என்று எழுதினார்.

"பாட்டுதானுங்க உதவி."

"உதவிப் பட்டியல்ல ஊன்றுகோல் இருக்கு, சக்கர நாற்காலி இருக்கு. பாட்டு இல்லீங்களே."

அவரும் கெட்டவர் இல்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார்.

* * *

மணிக்கு நாற்பத்தொன்பது வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டிய துணியைப் பக்கத்துப் பெட்டியில் போட்டால் அது தைத்தவர் பெயரில் பதிவாகி, மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும். பத்தொன்பது வருடத்தில் மணி அந்தப் பெட்டியில் போட்டது குறைவு. துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மிஷினுக்கே நடந்து போவாள். "கண்ணு, இந்த ஓரம் நூல் வுட்டுருக்குது பாரு," என்று காதோடு சொல்லிவிட்டு வருவாள். தைத்தவர் அப்போதே சரிசெய்துவிடுவார்.

அந்த நடைக்கும் பாட்டு வேண்டும். முப்பது எம்.பி.யில் பாதி அங்கேதான் கரைந்தது. காலையில் வீட்டிலிருந்து கம்பெனிக்கு இருபத்தைந்து நிமிடம். மாலையில் அதே தூரம். தினமும் மாலை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே டேட்டா தீர்ந்துவிடும். அப்புறம் மதிலைப் பிடித்து, கரண்ட் கம்பத்தைப் பிடித்து, பத்து நிமிட வழியை ஒரு மணி நேரம் கடப்பாள். ஒருநாள் கேட்டைத் தாண்டவே முடியாமல் கேட்கீப்பர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

"தினமும் ஆளு புடிச்சுக் கூட்டிட்டு வர முடியுங்களா? சொந்தக் கால்ல வந்துட்டுப் போனாத்தான் வேலை," என்று கம்பெனி ஆபீசில் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். ஓசூரில் இருக்கும் மகள், "வந்துரும்மா," என்றாள். மூன்றாவது மாடி, ஒற்றை அறை, லிஃப்ட் கிடையாது. ஏறினால் இறங்க மாட்டாள். மணிக்கு அது தெரியும்.

பக்கத்து மேஜையில் நூல் பிசிறு வெட்டும் ஜூனுவிடம்தான் யோசனை கேட்டாள். ஜூனு ஒடிசாவிலிருந்து வந்தவள்; ஆறு வருடத்தில் கொங்குத் தமிழைப் பாதி விழுங்கி மீதியைத் தன் இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, உன் போன் பாட்டு மட்டும் சாப்பிடல. எல்லாம் சாப்பிடுது. இது பாரு, படம் படமா வருது. யாருங்க இது, தினம் ரோஜாப்பூ?"

"என்ற நாத்தனாரு. காலை வணக்கம் போடுவா."

"ஒரு வணக்கம் ரெண்டு எம்.பி. அப்பறம் சித்தப்பா வணக்கம். மச்சினன் வணக்கம். நீ கால் நடக்கற டேட்டாவுல இவங்க பூ வளக்கறாங்க."

படங்கள் தானாக இறங்குவதை ஜூனு நிறுத்தினாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஆப்களை அடைத்தாள். பாட்டின் தரத்தை 'சிக்கனம்' என்று மாற்றினாள். குடும்பக் குழுவிலிருந்து மணி வெளியேறியதும் நாத்தனார் போன் போட்டு, "அப்படி என்ன பண்ணீட்டேன் நான்?" என்று அழுதாள். இத்தனை செய்தும் மிச்சமானது ஆறு எம்.பி. கேட்டைத் தாண்டி நூறடி, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை ஜூனு மறுபடி போனை வாங்கி, "இன்னும் ஒரு செட்டிங் இருக்குது," என்று எதையோ தட்டிக் கொடுத்தாள்.

அன்று மாலை பாட்டு நிற்கவில்லை.

கேட்டைத் தாண்டியது. டீக்கடையைத் தாண்டியது. வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்வரை கூடவே வந்தது. போனைப் பார்த்தால் நான்கு எம்.பி. மிச்சம். மணி கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். ரேஷன் முப்பதாகக் குறைந்தபிறகு அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தது அன்றுதான்.

* * *

பாட்டுத்தான் ஒரு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை படகு தள்ளுகிற மாதிரி ஒரு பாட்டு, புரியாத மொழியில். செவ்வாய்க்கிழமை உறுமி மேளம். வெள்ளிக்கிழமை சர்ச்சில் கோயர் பாடுவது போலப் பல குரல். வியாழக்கிழமைதான் மோசம்: பஸ் ஸ்டாண்டில் கூவி விற்பது போல ஒரே கூச்சல். காலையில் வரும் பாட்டு எப்போதும் போல அவளுக்குப் பிடித்த புல்லாங்குழலோடு வந்தது. மாலையில் மட்டும் இந்தக் கூத்து. தாளம் சில சமயம் இழுக்கும், சில சமயம் முந்தும். ஆனால் நடக்க முடிந்தது.

"சிக்கனத்துல வெச்சா மிச்சம் மீதிப் பாட்டைத்தான் அனுப்புவாங்களாட்ட இருக்குது," என்று கேன்டீனில் விளக்கினாள். "இருந்துட்டுப் போகட்டும். ஓசீல வர்ற மோர்ல உப்புப் பாக்கறதா?"

ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கும் எஸ்தர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஜூனுவுக்குப் புரையேறியது.

டேட்டாவை மிச்சம் பிடிப்பது எப்படி என்று மணி கேட்பவருக்கெல்லாம் பாடம் எடுத்தாள். உட்கார்ந்திருக்கும்போது பாட்டை நிறுத்து. ஆப்பை அடை. நாத்தனாரை விரோதித்துக்கொள். எல்லாரும் பெரிய அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்தவள், கட்டிங் ஹாலில் மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனாள். ஹாலில் சிரிப்புச் சத்தம். கதவருகில் நின்றாள்.

கட்டிங் மேஜைகளுக்கு நடுவே ஜூனு நடந்துகொண்டிருந்தாள். முதுகு குனிந்து, முழங்கை மடங்கி, குட்டிக் குட்டி அடியாகத் தேய்த்துக்கொண்டு. கொஞ்ச தூரம் போனதும் பாதம் ஒட்டிக்கொண்டது போல நின்று ஆடினாள். அவளுக்குப் பின்னால் எஸ்தரும் இன்னும் இரண்டு பேரும் விறைப்பாக அடியெடுத்து வைத்து வந்தார்கள். ஜூனு நின்றதும் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ள, ஹாலே சிரித்தது.

சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் லைன் சூப்பர்வைசர் ரங்கராசு. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மணி பாட்டிலை எடுக்கவில்லை. மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். விரித்த துணியில் தையல் தெரியவில்லை. நாலரை மணிக்கு ரங்கராசுவிடம் போனாள்.

"அண்ணா, நாளையிலிருந்து நான் வரலீங்க. ஓசூர் போறேன்."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, முழங்கால் வலிக்காரர். "ஏனம்மிணி, நல்லாத்தான நடந்துட்டு இருந்தே?"

"நான் நடக்கறதத்தான் எல்லாரும் நடந்து காட்டிச் சிரிக்கறாங்களே. அப்பறம் நான் எதுக்குங்க?"

ரங்கராசு பதில் சொல்வதற்குள் மணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

* * *

வியாழக்கிழமைக் கூச்சல் பாட்டு காதில் ஓடியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு நடந்தாள். ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளத்துக்குள் கால் வைத்து நான்கடி போயிருப்பாள்.

பாட்டு முந்தியது. இரண்டு மூன்று அடி தாறுமாறாகத் துள்ளியது. சட்டென்று நின்றது.

காலும் நின்றது.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மணி நின்றாள். முன்னால் இருந்தவர்கள் தாண்டிவிட்டார்கள். கேட்டின் மணி அடிக்கத் தொடங்கியது. கேட்கீப்பர் கேபினிலிருந்து கையை ஆட்டி, "வாங்கம்மா, வாங்க, வண்டி வருது," என்றார். வரத்தான் நினைத்தாள். எடுத்து வை, எடுத்து வை. பாதம் கல்லோடு கல்லாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மிணி, பயப்படாத. எந்திரிச்சுட்டேன். ஒரு நிமிசம்."

உடம்பைத் திருப்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பினாள். பத்தடி பின்னால், சரளைக் கல்லில் கையை ஊன்றி ரங்கராசு எழுந்துகொண்டிருந்தார். வேட்டி முழங்காலில் கிழிந்து ரத்தம் தெரிந்தது. செருப்பு ஒன்று எங்கோ போயிருந்தது. எழுந்தவர் அவளை நோக்கி ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே, போலீஸ்காரர்கள் அணிவகுப்பில் செய்வது போல, ஒரு காலை உயர்த்தி வைத்தார். மறு காலை உயர்த்தி வைத்தார். வலது, இடது. வலது, இடது.

மணியின் காதில் பாட்டு வந்தது.

அவர் கால் தரையில் பட்டபோதெல்லாம் அங்கே ஒரு அடி விழுந்தது. மணியின் வலது பாதம் கல்லை விட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. அவள் தண்டவாளத்தைத் தாண்டினாள். அவர் பின்னாலேயே, நொண்டிக்கொண்டு, ஆனால் தாளம் தவறாமல் வந்து சேர்ந்தார். கேட் இறங்கியது. ஒரு சரக்கு வண்டி நிதானமாகக் கடக்கத் தொடங்கியது.

கேபினுக்கு வெளியே ஒரு சிமென்ட் கட்டை. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பாட்டு நின்றிருந்தது.

"அந்தப் பாட்டு..." என்றாள் மணி.

"என்னோட பாட்டு," என்றார் ரங்கராசு. "நல்லாருக்காது, தெரியும். எனக்கு அப்படித்தான் அனுப்பறான்."

"எப்படிங்க?"

"ஒருத்தர் பங்கை இன்னொருத்தருக்கு மாத்தத்தான் கூடாது. ஆனா ஒருத்தர் கேக்கற பாட்டைப் பத்து மீட்டருக்குள்ள இருக்கறவங்க கூடக் கேக்கலாம். கூட்டுக் கேட்புன்னு பழைய வசதி. கூடக் கேக்கறவங்க டேட்டா போகாது, பாட்டை ஓட்டறவங்களுதுதான் போகும். ஜூனுதான் கண்டுபுடிச்சா. அன்னைக்கு உன் போன்ல தட்டுனது அதைத்தான்."

மணி பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன சிக்கல்னா, உன் பாட்டு பூட்டி வெச்சது. எங்க பாட்டு எங்க காலைப் பாத்து வர்றது. நாங்க எண்பத்து நாலுல நடந்தாத்தான் உனக்கு எண்பத்து நாலு வரும். வேகமாப் போனா நீ உழுந்துருவ. நின்னா நீ நின்னுருவ. அதுக்குத்தான் மத்தியானத்துல பழகறது. ஜூனு உன்னையாட்ட முன்னாடி போவா. நீ எங்க நிப்ப, எப்பத் திரும்புவன்னு அவளுக்குத்தான் அத்துப்படி. மத்தவங்க பின்னாடி அடி தப்பாம வரணும். தப்பறாங்க, சிரிக்கறாங்க." அவர் முழங்காலை ஊதிக்கொண்டார். "நீ கதவுகிட்ட நின்னதை நான் பாக்கலை. பாத்திருந்தா சிரிச்சிருக்க மாட்டேன்."

"தினமும் யாராச்சும் பின்னாடி வந்தீங்களா?"

"திங்கக்கிழமை ஜூனு. செவ்வாய் கட்டிங் மாஸ்டர். இப்படி முறை. வெள்ளிக்கிழமை எஸ்தரு. அவ வீடு பாத்தீன்னா காங்கேயம் ரோட்டுல. உன்னை உட்டுட்டுத் திரும்ப நடக்கணும்."

"ஜூனு திங்கக்கிழமைதானே அவங்கம்மாகூட வீடியோவுல பேசுவா?"

ரங்கராசு சரக்கு வண்டியைப் பார்த்தார். "அவங்கம்மாவுக்கு அன்னைக்குத்தான் தோது. இப்ப மிச்சமானதுல பேசறா. அஞ்சு நிமிசம், முகம் இல்லாம."

"நீங்க?"

"வியாழக்கிழமை போன்ல கபடி பாப்பேன். நம்ம டீம் எப்படியும் தோக்குது. பாக்காம இருக்கறது உடம்புக்கு நல்லதுன்னு வெச்சுக்க."

மணி சிரிக்க நினைத்தாள். வேறு எதுவோ வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"சொன்னா வேண்டாம்ப. பத்தொன்பது வருசமா யார் தப்பையும் பெட்டியில போடாம கையில எடுத்துட்டு நடந்தே. எங்களுக்குச் சொல்லிட்டா செஞ்சே?"

வண்டியின் கடைசிப் பெட்டி போனது. கேட் உயர்ந்தது. ரங்கராசு எழுந்து, தேடிக் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, "கெளம்பு. எனக்கு இன்னும் எட்டு எம்.பி. இருக்குது," என்றார்.

* * *

வெள்ளிக்கிழமை காலையில் மணி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரங்கராசு சொல்லியிருப்பார் போலிருந்தது. ஜூனு தலையை நிமிர்த்தவே இல்லை.

மத்தியானம் மணி நேராகக் கட்டிங் ஹாலுக்குப் போனாள். பழகிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஜூனு பாதி குனிந்த நிலையில் கல்லாகிவிட்டாள்.

"இன்னொருக்கா நட," என்றாள் மணி.

"அக்கா, நான் கிண்டல் பண்ணல. சத்தியமா..."

"நடங்கறேன்."

ஜூனு பயந்துகொண்டே நான்கடி நடந்து காட்டினாள்.

"தப்பு. நான் எடதுகாலைத்தான் இழுப்பேன். நீ வலது காலை இழுக்கறே. அஞ்சு வாரமா தப்பாப் பழகீட்டு இருக்கீங்க, ஒரு வார்த்தை கேக்கறதில்ல?" ஜூனுவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "திங்கக்கிழமை நீ வரக்கூடாது. உங்கம்மா முகத்தைப் பாத்துப் பேசு. அன்னைக்கு நான் மேஜைய உட்டு எந்திரிக்கறதில்ல. தப்பு இருந்தா தெச்சவங்க எங்கிட்ட நடந்து வரட்டும். உள்ள நடக்கற டேட்டா மிச்சமாகும், அதுலயே வீட்டுக்குப் போயிருவேன்."

ஜூனு மணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, நூல் தூசி என்றார்.

மாலை ஐந்தரைக்கு எஸ்தரின் முறை. கம்பெனி வாசலில் அவள் வழக்கம்போலப் பத்தடி பின்தங்கி, தெருப் பெயர்ப்பலகையைப் படிப்பது போல நின்றாள்.

"எஸ்தரு, இங்க வா."

"இல்லக்கா, நான் பின்னாடியே..."

"வெளிச்சத்துல எதுக்கு ஒளிஞ்சுட்டு வர்றே? பக்கத்துல வா."

எஸ்தர் வந்தாள். இருபத்தாறு வயது, திண்டுக்கல் பக்கம். சங்கடமாகச் சுடிதார் துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

"உனக்கு நான் என்னத்தக் கண்ணு செய்வேன்," என்றாள் மணி. சொல்லி முடிக்க முடியவில்லை. "நல்லாரு. நீங்க எல்லாரும் நல்லா இருக்கோணும்."

"சும்மா இருங்கக்கா. எனக்கும் நடக்கறது நல்லதுதான்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? சூப்பர்வைசர் அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்க."

"சொல்லு."

"எனக்கு அந்த எண்பத்து நாலு வரவே மாட்டேங்குது. அஞ்சு வாரமாப் பழகறேன். பாதியில எண்ணிக்கை விட்டுப்போகுது. யாருக்குமே வரலக்கா, அண்ணனுக்கும் சேத்துத்தான். வெளிய சொல்லிக்கறது இல்ல."

"அப்புறம் எப்படி இத்தனை நாளு தாளம் சரியா வந்துச்சு?"

"உங்க காலைப் பாத்துட்டேதான் வருவோம். நீங்க எப்ப வெக்கறீங்களோ, அப்ப நாங்க வெப்போம்."

மணி அவளைப் பார்த்தாள்.

"உன் பாட்டைக் கேட்டுத்தானே நான் வெக்கறேன்?"

எஸ்தர் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகத்தில் குழப்பம் வந்தது; பிறகு சிரிப்பு வந்தது. "அது எப்படின்னு எனக்குத் தெரியலக்கா," என்றாள். "மொத அடி மட்டும் நான் வெக்கறேன்."

பாட்டைத் தட்டினாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். மணியின் காதில் கோயரின் பல குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு எழுந்தன.

மணி பாட்டைக் கேட்டு நடந்தாள். எஸ்தர் மணியின் காலைப் பார்த்து நடந்தாள். கேட் திறந்திருந்தது.